எழும்பூர் எடை அட்டைகள்

அன்புள்ள பாப்பா,

பீரோவைச் சுத்தம் செய்யும்போது என் பழைய பர்ஸ் கிடைத்தது. உள்ளே எழும்பூர் ஸ்டேஷன் எடை மிஷின் அட்டைகள், பதினொன்று. 2008-ல் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்த நாட்களில், ரயிலை விட்டு இறங்கியதும் உன்னை அதில் ஏற்றி நிறுத்துவேன். முதல் அட்டையில் 15 கிலோ. அப்போது உனக்கு ஆறு வயது.

ஒரு கிலோ கூடியிருந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தெம்பு. ஸ்டீராய்டு கொடுத்த அந்த நாலு வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "அப்பா, இட்லி" என்பாய். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அது மருந்தின் பசி என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. கன்னம் உப்பி, வயிறு தள்ளி, கைகால் மட்டும் குச்சியாக இருந்தாய். பிள்ளை தேறிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். கூடியதெல்லாம் கொழுப்பு, உள்ளே தசையும் எலும்பும் கரைந்துகொண்டிருந்தன என்பது பின்னால்தான் புரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. இரண்டரை வருஷச் சிகிச்சை முடிந்த பிறகும் உன்னைப் பொத்திப் பொத்தி வைப்பதை நான் நிறுத்தவில்லையே. வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியால் பாத நரம்பு மரத்து நீ தடுக்கி விழுந்துகொண்டிருந்தாய். பி.டி. பீரியடில் உட்கார வையுங்கள் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன். கால் சரியான பிறகும் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. ஓடாத பிள்ளைக்குத் தினமும் நெய்ச்சோறு வேறு.

போன வாரம் எடை 78 ஆகிவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன் என்றாய். வேண்டாம் அம்மா. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். உனக்கு அது ஏற்கெனவே குறைச்சல். முட்டை, பயறு, தயிர், கேழ்வரகு சாப்பிடு. வெயில் படுகிற மாதிரி நட. எடை மிஷினைவிட இன்ச் டேப்பை நம்பு. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஜிம்மில் சேருமுன் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துவிடு, அப்போது உனக்கு ஏற்றிய அந்தச் சிவப்புப் புற்றுநோய் மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. அப்படியே சர்க்கரை, கொலஸ்ட்ரால், வைட்டமின் டி. பழைய ஃபைலை எடுத்துப் போ. நீ காட்டினால்தானே பெங்களூர் டாக்டருக்குத் தெரியும்? இடுப்பு மூட்டு வலித்தால் குண்டாக இருப்பதால்தான் என்று நீயே முடிவு கட்டாதே. ஸ்டீராய்டு வாங்கியவர்களில் சிலருக்கு அங்கே ரத்த ஓட்டம் நின்று எலும்பே பட்டுப்போவதுண்டு.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எடை குறைகிறது என்று நீ சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நோய் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். போனை எடுத்ததும் "சாப்பிட்டியா" என்று நான் கேட்பதும் அந்தப் பயத்தில்தான். அது என்னோடு இருக்கட்டும், நீ உன் வழியில் குறை.

அம்மா பார்சல் கட்டியிருக்கிறாள். அதிரசத்தில் பாதியை எடுத்துவிட்டேன், அவளிடம் சொல்லாதே. எடுத்ததை நான்தான் சாப்பிட்டேன்.

அப்பா