அந்தக் கட்டை அவிழ்க்காதே

அன்பு நண்பனுக்கு,

கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் மிகவும் சந்தோஷம்.

சரி, அப்பாவின் காகிதங்களைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கப்போவதாகவும், அதற்குமுன் தேதி வாரியாக அடுக்கிவிடப்போவதாகவும் எழுதியிருந்தாய். தயவுசெய்து கை வைக்காதே. சுவடிப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

அச்சுப் புத்தகம் சட்டப்படி நூலகத்துக்கு வந்துவிடும். பிரான்சில் 1537லேயே மன்னர் முதலாம் பிரான்சுவா அதற்கு ஆணை போட்டார். கையெழுத்துப் பிரதி அப்படி வராது. யாராவது மனம்வைத்துக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் ஏலத்தில் வாங்கவேண்டும். வந்தவுடன் பதிவேட்டில் ஏறுவது யாரிடமிருந்து, எப்படி, என்ன வரிசையில் வந்தது என்பதுதான். படித்துப் பார்ப்பதெல்லாம் பிறகு. உன் அப்பா ஒரு கடிதத்தை ஒரு ரசீதோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். நீ பிரித்தால் அது போச்சு.

பழைய ஒழுங்கைக் கலைக்காததற்கு ஓர் உதாரணம், இங்கிலாந்தில் சர் ராபர்ட் காட்டன் என்பவர் சேர்த்த சுவடி நூலகம். அங்கே ஒவ்வொரு அலமாரியின் மேலும் ஒரு சிலை இருந்தது, பெரும்பாலும் ரோமப் பேரரசர்களுடையது. விடெலியஸ் சிலைக்குக் கீழே, ஏ தட்டில், 15ஆவது சுவடியில்தான் பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியம். 1731 தீயில் அதன் ஓரங்கள் கருகின. பழைய அலமாரியும் சிலையும் இன்று இல்லை. ஆனால் பிரிட்டிஷ் நூலகத்தில் அந்தச் சுவடியின் எண் இன்றும் 'காட்டன் விடெலியஸ் ஏ 15'தான். மாற்றினால், தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் கொடுத்த மேற்கோளெல்லாம் முகவரி தப்பிய தபாலாகிவிடும்.

தலைப்பே இல்லாத சுவடிகள்தான் எங்களைப் படுத்தும். முதல் வரியையும் கடைசி வரியையும் பிழையோடு அப்படியே எடுத்தெழுதிவிடுவோம். வேறெங்கோ அதே வரியைப் பார்த்தவர் அடையாளம் சொல்வார். பக்கத்தை எண்ணமாட்டோம், ஏட்டை எண்ணி முன்புறம், பின்புறம் என்று குறிப்போம், அதுவும் பென்சிலால். ஒருமுறை நான் ஓர் ஏட்டை விட்டுவிட்டு எண்ணி, கடைசியில் '112 அ' என்று போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அப்புறம், உயிரோடிருப்பவர்களைப் பற்றி ஏதாவது இருந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிடு, இத்தனை வருஷம் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போடலாம். துருப்பிடித்த குண்டூசியைக்கூடப் பிடுங்காதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்தப் பெட்டி வீட்டில் எங்கே இருந்தது என்று மட்டும் ஒரு தாளில் எழுதி உள்ளே போடு.

கல்லூரி நாளில் நான் உன் அப்பாவிடம் கடன் கேட்டு எழுதிய கடிதமும் அதில் கிடக்கும். சிரித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.

உன் பழைய நண்பன்