சின்னப்பாலம் அப்பத்தாவுக்கும் எங்கள் கடற்கரை உறவுகளுக்கும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

என் பிள்ளை ஜிம்னாஸ்டிக்ஸில் மறுபடி குதித்துவிட்டாள். ஓடிப்போய்ப் பலகையை மிதித்து, வால்ட் என்கிற, தாண்டிக் குதிக்கிற மேசையில் கை ஊன்றி, அந்தப் பக்கம் இரண்டு காலிலும் நின்றாள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் போடுகிற சின்னக் குதிதான். ஆனாலும் அந்த வீடியோ வந்தபோது நண்டு கம்பெனியில் கையுறையைக் கழற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து மேசை அக்கா போனைப் பிடித்துக் காட்ட, சுற்றி நின்றவர்கள் எல்லாருமே அழுதுவிட்டோம்.

பிள்ளை விழுந்து முழங்கால் போனபோது என்ன நடந்தது, எங்கெங்கே அலைந்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. பாதிப் பேர் கூடவே அலைந்தவர்கள். யார்மேல் தப்பு என்ற பேச்சும் இப்போது வேண்டாம். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாருக்கும் முன்னால் சின்னப்பாலத்துக் கடல்பாசிக்கார அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. எங்கள் தெருவில் இருக்கிற மகள் வீட்டுக்கு வந்து போகிறவர், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் நல்ல மனசோடுதான் பேசினார்கள். தைரியமா இரு, சாமி இருக்கு, படிப்பைப் பாரு, இதை விட்டா வேற இல்லையா. எல்லாவற்றுக்கும் ஒரு 'ம்'. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் பெயர் காதில் விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆறு வயதிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே திரிந்த பிள்ளை.

அப்பத்தா வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "ஏத்தா, என்னத்தையோ தாண்டிக் குதிப்பியாமே, அது எப்புடி? எனக்கு ஒண்ணும் வெளங்கல. சொல்லு" என்றார். பிள்ளை பேசவில்லை. அப்பத்தா எழுந்து போகவும் இல்லை. மென்றுகொண்டே இருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளை சாய்ந்து உட்கார்ந்து, அவருடைய வெற்றிலைப் பெட்டியை வாங்கி மெத்தைமேல் வைத்தாள். இதுதான் மேசை, ஒன்றேகால் மீட்டர் உயரம். இரண்டு விரலைக் காலாக்கித் தலையணையிலிருந்து ஓடவிட்டாள். பெட்டிக்கு முன்னால் பலகை. மிதித்ததும் கை மேசையில் படும், கால் வானத்தைப் பார்க்கும். அங்கிருந்து தள்ளிவிட்டுக் காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம், அப்புறம் பாதம் தரையில். இதற்குப் பெயர் புரொதுனோவா. யெலேனா புரொதுனோவா என்ற ரஷ்யப் பெண் 1999இல் செய்து காட்டியது. உலகத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுப் பெண்கள்தான் அதைப் போட்டியில் நின்று முடித்திருக்கிறார்கள். தீபா அவர்களில் ஒருத்தி.

முன்பக்கமாகச் சுற்றி வருவதால் தரை எங்கே இருக்கிறது என்று கடைசிவரை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்றாள். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கித் தலைகீழாக இறங்கிப் பாசி பறிக்கிற அந்த மனுஷி, "அப்ப காலுதான் பாக்கணும்" என்றார். பிள்ளை சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமா அப்பத்தா." அவள் குரலில் அப்படி ஒரு உயிர். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அடுப்படியில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

பாசி எடுக்கிற பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்தான் கடலுக்கு இறங்குவார்கள். பாசி மறுபடி வளரட்டும் என்று அவர்களே கட்டிக்கொண்ட கட்டுப்பாடு அது. மற்ற நாளில் அப்பத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும், "அந்தத் திரிபுராப் பிள்ளை கதையில எங்க விட்டோம்?" என்பார்.

கதை வளர்ந்தது. தீபா திரிபுராவின் அகர்தலாவில் 1993இல் பிறந்தவள், அப்பா பளுதூக்கும் பயிற்சியாளர். தீபாவுக்கோ தட்டைப் பாதம், குதிக்கிறவர்களுக்கு ஆகாத கால். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அந்தக் காலை வைத்தே பழக்கினார். நல்ல பலகை கிடைக்காமல் பழைய ஸ்கூட்டர் சாமானில் செய்த பலகையில் குதித்தாள். "காலு எப்படி இருந்தா என்னத்தா, நாங்க அலுமினியத் தட்டை மாட்டிக்கிட்டு நீந்தலையா" என்றார் அப்பத்தா.

2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெண்கலம். 2016இல் ரியோ. ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் பெண். ஆகஸ்ட் 14ஆம் தேதி வால்ட் இறுதியில் சிமோன் பைல்ஸ் தங்கம் வாங்கினார். வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்துப் பெண்ணுக்கு 15.216, தீபாவுக்கு 15.066. நாலாவது இடம். கால் ஊன்றும்போது இடுப்பு எவ்வளவு தாழ்ந்துபோனது என்று பிள்ளை கையால் காட்டினாள். "நாலாவதா வந்தவளுக்கு மாலை போட்டாகளா?" என்று கேட்டார் அப்பத்தா. ஊரே திரண்டு வரவேற்றது, நாட்டின் பெரிய விளையாட்டு விருதான கேல் ரத்னா கொடுத்தார்கள், பி.எம்.டபிள்யூ. கார்கூடக் கொடுத்தார்கள். அகர்தலா ரோட்டில் அதை ஓட்ட முடியாது, பழுது பார்க்கவும் அங்கே ஆளில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்பத்தாவுக்கு ரொம்பப் பிடித்தது அந்த இடம்தான். பிறகும் இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

2017க்கு வந்ததும் கதை நின்றது. அந்த வருஷம் தீபாவுக்கு முழங்கால் போனது. என் மகளுக்குப் போன அதே ஏ.சி.எல். தசைநார். பிள்ளை வாயை மூடிக்கொண்டு தன் உள்ளங்கையையே தடவிக்கொண்டிருந்தாள். பார் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறியிருந்த காய்ப்பு உரிந்து, கை பஞ்சாகிப் போயிருந்தது. அப்பத்தா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் விரல் நுனியெல்லாம் பவளப்பாறை கீறின வெட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் கீறத்தான் செய்யும். "காய்ப்பு போச்சேன்னா கலங்குற? தடைக்காலத்துல எனக்கும்தான் விரல் எளகிப் போகுது. திரும்ப எறங்குனா ரெண்டு நாளைக்கு எரியும். அப்புறம் அதுவா காச்சுரும்."

பிள்ளை அழுதாள். விழுந்த நாளிலிருந்து அழாதவள். அழுது முடித்துவிட்டு மீதிக் கதையைச் சொன்னாள். 2018இல் துருக்கியின் மெர்சினில் தீபா தங்கம் வாங்கியது, அதே வருஷம் ஆசிய விளையாட்டில் முழங்கால் மறுபடி படுத்தியது, பிறகு ஊக்கமருந்து சோதனையில் சிக்கி 21 மாதம் தடைபட்டது. எதையும் மறைக்கவில்லை. கடைசியாக 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன். அப்போது அவளுக்கு வயது முப்பது. அந்த அக்டோபரிலேயே ஓய்வை அறிவித்துவிட்டாள்.

மறுநாள் காலை, யாரும் சொல்லாமலே, காலை நீட்டி மடக்குகிற பயிற்சியை என் மகள் தானாகச் செய்தாள்.

அப்பத்தா, விழுந்த பிள்ளைக்குச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டது நீங்கள். இதற்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

நண்டு கம்பெனி அக்காமாருக்கு, என் பங்கு வேலையையும் சேர்த்து உடைத்ததற்கு. மகளிர் குழுவுக்கு, தவணை தள்ளிக் கொடுத்ததற்கு. என் வீட்டுக்காரருடைய விசைப்படகுக் கூட்டாளிகளுக்கு, பள்ளிவாசலில் துவா செய்த, கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிய, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த அத்தனை பேருக்கும். ராத்திரி நேரத்தில் மதுரை வரைக்கும் காசு பேசாமல் வண்டி ஓட்டிய தம்பிக்கு. பி.டி. சாருக்கு. மருத்துவமனையில் கட்டுப் பிரித்தபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கு. பெயர் சொல்லி எழுதினால் யாராவது விட்டுப்போவார்கள் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

இனி இந்தக் கரையில் எந்தப் பிள்ளை விளையாட்டில் அடிபட்டுப் படுத்தாலும், கபடியோ சிலம்பமோ எதுவானாலும், நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அந்த விளையாட்டை எனக்குச் சொல்லித்தா என்று கேட்பேன். அப்பத்தா மேல் சத்தியம்.

ஊன்றுகோல் ஒரு ஜோடியும் முழங்கால் பெல்ட்டும் எங்கள் வீட்டில் சும்மா இருக்கின்றன. பெல்ட்டைத் துவைத்துக் காயவைத்துவிட்டேன். தேவைப்படுகிறவர்கள் எந்த நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு எதுவும் வேண்டாம். நான் வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து வீட்டில் சாவி இருக்கும்.