புலி இருக்கிறது, புள்ளிமான் இல்லை: அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் இனிமேல் பாப்பா என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய். கடிதத்தில் மட்டும் பொறுத்துக்கொள்.

மே மாத லீவில் வந்திருந்தபோது என் கம்ப்யூட்டரில் மூன்று நாள் உட்கார்ந்து, பிளானட் ஜூ என்கிற மிருகக்காட்சிசாலை கட்டும் கேமில் ஒரு வண்டலூரைக் கட்டினாய். நுழைவாயில், பேட்டரி வண்டி போகிற அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், எல்லாம் அப்படியே வந்திருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் விலங்குப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "சித்தி, புள்ளிமான் எங்க? தேடினா வரவே மாட்டேங்குது" என்றாய். "கேம்ல எல்லாமா வைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். நீ ஊருக்குப் போன பிறகுதான் உறைத்தது, அது ஒரு பதிலே இல்லை என்று. கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தனியாக வண்டலூருக்குப் போனேன். இடது பக்கத்தில் அங்கே பார்த்த விலங்கு, வலது பக்கத்தில் அது கேமில் இருக்கிறதா இல்லையா. என்னிடம் இருப்பது 2019 நவம்பரில் வந்த அடிப்படை கேமும், பிறகு வாங்கிய தென்கிழக்கு ஆசியா, சதுப்புநிலம், புல்வெளி என்ற மூன்று கூடுதல் விலங்குத் தொகுப்புகளும்தான். எல்லாத் தொகுப்பையும் நான் வாங்கவில்லை. அதனால் நம் கம்ப்யூட்டரில் இருப்பதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் நியாயம். வங்கப் புலி இருக்கிறது. இந்திய யானை, ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம், மயில் இருக்கின்றன. நீண்ட மூக்குள்ள கரியால் முதலைகூட இருக்கிறது. செந்நாய் தென்கிழக்கு ஆசியத் தொகுப்பிலும், நம் வரிக் கழுதைப்புலி புல்வெளித் தொகுப்பிலும் வந்தன. ஒக்காபி என்று ஒரு விலங்கு எப்படி நடக்கும், எப்படித் தலையைத் திருப்பும் என்பதை எனக்குக் காட்டியதே இந்த கேம்தான். இதைச் செய்தவர்கள் விலங்குகளைக் காதலித்துத்தான் செய்திருக்கிறார்கள். யானைக்குட்டி தாயின் காலுக்கு அடியில் புகுந்துகொள்வதைப் பார்த்து நீ சிரித்தாயே, அப்படி ஓர் அசைவு அக்கறை இல்லாதவர்கள் கையில் வராது.

சரி, இப்போது புள்ளிமானுக்கு வருகிறேன்.

நீ தேடியது வராததற்குக் காரணம், 2019 இல் வந்தபோது அந்த அடிப்படை கேமில் மான் குடும்பமே கிடையாது. "ஸ்பிரிங்பாக் இருக்கே, நியாலா இருக்கே" என்பாய். நாம் எல்லாவற்றையும் மான் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அவை வேறு குடும்பம், ஆடு மாட்டோடு சேர்ந்தவை. அவற்றின் கொம்பு ஒருமுறை முளைத்தால் சாகும்வரை இருக்கும். புள்ளிமான், கடமான் போன்ற அசல் மான்களின் ஆணுக்குக் கொம்பு விழுந்துவிடும், பிறகு புதிதாக முளைக்கும். புதுக்கொம்பு முளைக்கும்போது அதன்மேல் மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தோல் காய்ந்து கிழிந்து தொங்கும், மரத்தில் தேய்த்துத் தேய்த்து அதை உரித்துப்போடும்.

வண்டலூரில் மான் அடைப்புக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். ஒரே மந்தையில் ஓர் ஆணுக்கு மூன்று கிளையோடு கெட்டிக் கொம்பு. இன்னொன்றுக்குப் பஞ்சு சுற்றியதுபோல உருண்டையாக இரண்டு மொட்டு. இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை, இரண்டு வட்டத் தழும்புதான். குளிர்நாட்டு மான்களுக்கு எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு விழும். நம் புள்ளிமானுக்கு அப்படிக் கட்டாயம் இல்லாததால் எல்லா நிலையும் ஒரே மந்தையில் பார்க்கக் கிடைக்கும். ஒரு கிழட்டு ஆண் பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, வேப்பங்கிளையின் நுனியைக் கடித்து இழுத்தது. அரை நிமிடம் அப்படியே நின்றது. பக்கத்தில் ஒரு அப்பா தன் பிள்ளையிடம் "வா வா, வெறும் மான்தான், புலி அங்க இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனார். எனக்கு மனசு வலித்தது.

ஏனென்றால் புலி என்பதே அந்த வெறும் மான்தான். முதுமலையில் ஒரு புலி உயிரோடு இருக்கிறதென்றால் பெரும்பாலும் புள்ளிமான், கடமான், காட்டுமாடு இந்த மூன்றையும் தின்றுதான் இருக்கிறது. புலியின் உடம்பில் இருக்கிற கோடு, அது பதுங்குகிற விதம், பின்னாலிருந்து பாய்கிற விதம் எல்லாமே இவை போன்ற இரைகளை ஏமாற்றுவதற்காக வந்தவை. கேமில் புலி இருக்கிறது, அதற்கு இறைச்சி வைக்கத் தட்டும் இருக்கிறது. ஆனால் அந்தப் புலியைப் புலியாக்கிய மூன்றில் ஒன்றுகூட இல்லை. நீ புலிக்குப் பக்கத்திலேயே மானுக்கு வேலி போட்டு இடம் ஒதுக்கினாய் பார், யாரும் சொல்லித்தராமலே உனக்கு அது தோன்றியிருக்கிறது. அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

காட்டுமாடும் இல்லை. ஊரில் காட்டெருமை என்பார்கள், ஆனால் அது எருமை இல்லை, மாடுதான். முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல நிற்குமே, அதேதான். உலகத்தில் இருக்கிற காட்டு மாட்டினங்களில் மிகப் பெரியது அது. வளர்ந்த காளை ஆயிரம் கிலோவைத் தொடும். கேமில் அமெரிக்கக் காட்டெருமை இருக்கிறது, ஆப்பிரிக்க எருமை இருக்கிறது, சதுப்புநிலத் தொகுப்பில் நீரெருமையும் வந்தது. கொடைக்கானலில் ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிற நம் ஆளைத்தான் காணவில்லை.

வெளிமானும் இல்லை. நம் சங்கப் பாட்டில் இரலை என்று வருவது அதுதான். முறுக்கிவிட்ட திருகாணி போலக் கொம்பு. கிண்டியிலும் கோடியக்கரையிலும் இன்னும் துள்ளிக்கொண்டு இருக்கிறது. ஒன்று யோசித்துப் பார்: இரலை, கடமான், மிளா, சருகுமான், கேளையாடு என்று எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! விலங்கைப் பார்க்காமல் பெயர் மட்டும் எத்தனை நாள் நிற்கும்? உன் வகுப்பில் எத்தனை பேருக்குக் கங்காரு மாதிரி இருக்கிற வாலபி தெரியும், எத்தனை பேருக்கு நம் காட்டில் குரைக்கிற மானான கேளையாடு தெரியும் என்று ஒருநாள் கேட்டுப் பார்.

அப்புறம் சோலைமந்தி. எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். சிங்கவால் குரங்கு என்று போர்டில் போட்டிருப்பார்கள், மலைக்காரர்கள் சோலைமந்தி என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் காட்டில் கிடையாது. மீதி இருப்பதே சில ஆயிரம்தான். கேரளாவில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டப் போனபோது, இந்தக் குரங்கு வாழ்கிற காடு மூழ்கிப்போகும் என்று எத்தனையோ பேர் எழுந்து நின்றார்கள். 1983 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, அடுத்த வருடம் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. அப்படிப்பட்ட குரங்கு இது.

அன்றைக்கு வண்டலூரில் ஒரு தாய் கம்பி ஓரமாக உட்கார்ந்திருந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். கன்னத்துப் பையில் எதையோ அடைத்துவைத்திருந்ததால் ஒரு பக்கம் புடைத்திருந்தது. வயிற்றோடு ஒட்டியிருந்த குட்டிக்கு இன்னும் பிடரி முளைக்கவில்லை. வெறும் இளஞ்சிவப்பு முகம், கறுப்பு முடி. குட்டி கையை நீட்டித் தாயின் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது, தாய் கண்ணை மூடிக்கொண்டது. இதை உனக்குக் காட்ட வேண்டும்.

கேமில் ஜப்பானியக் குரங்கு முதல் நாளிலிருந்தே இருக்கிறது. பனியில் வெந்நீர்க் குளத்தில் உட்காருமே, அது. அதுவும் சோலைமந்தியும் ஒரே பேரினம், சொந்தக்காரர்கள். ஜப்பானியக் குரங்குக்கு எலும்பும் நடையும் செய்தவர்களுக்குச் சோலைமந்தி அவ்வளவு தூரம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இது முடியாததால் விட்ட விலங்கு இல்லை, நினைவுக்கு வராததால் விட்ட விலங்கு.

முதலையையும் சொல்ல வேண்டும். கேமில் உப்புநீர் முதலை உண்டு, கரியால் உண்டு. நம் ஏரியிலும் ஆற்றிலும் இருக்கிற சாதா முதலை, அமராவதி அணையில் இருக்கிறதே, அது கிடையாது. 1976 இல் ஆரம்பித்த சென்னை முதலைப் பண்ணைக்கு ஈ.சி.ஆர். வழியாக ஒருதடவை போனோம், உனக்கு நான்கு வயது, நினைவிருக்காது. அங்கே கொக்குகள் கூடு கட்டுகிற பருவத்தில் இந்த முதலைகள் மூக்குமேல் குச்சிகளை ஏந்திக்கொண்டு தண்ணீரில் அசையாமல் கிடப்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். கூட்டுக்குக் குச்சி எடுக்க வருகிற பறவையைப் பிடிக்க அது ஒரு தந்திரம் என்று 2013 இல் எழுதினார்கள். கேமில் முதலை வெயிலில் கிடக்கும், நீந்தும். பரவாயில்லை, அழகாகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பண்ணையில் பார்த்த குச்சி வேலையைக் காட்ட நம் முதலை வேண்டும்.

சிறுத்தை இல்லை, நீலகாய் இல்லை, ஆசியச் சிங்கத்துக்குப் பதிலாக மேற்கு ஆப்பிரிக்கச் சிங்கம். நம் கரடி அடிப்படை கேமில் இல்லை, பிறகு இன்னொரு தொகுப்பில் வந்தது, அதை நான் வாங்க வேண்டும். குட்டியை வழக்கமாக முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற கரடி அது ஒன்றுதான், அதற்காகவே வாங்கலாம். பறவைகள் பற்றி நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் இஷ்டத்துக்கு வளைத்துக் கட்டுகிற கூண்டுக்குள் ஒரு பறவையை முட்டாமல் பறக்கவிடுவது லேசான காரியம் இல்லை. அடிப்படை கேமில் மயில், நெருப்புக்கோழி, பூநாரை என்று தரையில் நடக்கிற மூன்றை மட்டும் வைத்தது எனக்குப் புரிகிறது.

வரையாட்டையும் நான் கேட்கவில்லை. அதைக் கூண்டில் பார்ப்பதைவிட வால்பாறை போகிற வழியில் கொண்டை ஊசி வளைவுக் கைப்பிடிச்சுவரில் நிற்கும்போது பார்ப்பதுதான் முறை.

நோட்டில் வலது பக்கம் எழுதவே முடியாத ஒன்றும் இருந்தது. வண்டலூரில் பாதி உயிர்கள் யாரும் வாங்கி வைத்தவை இல்லை. சாலையில் மயில் தானாக நடக்கிறது. உன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதே, அந்தக் குரங்குக்கு எந்த அடைப்பும் இல்லை. ஓட்டேரி ஏரியில் தண்ணீர் இருந்தால் கொக்கும் நாரையும் வந்து இறங்கும், வற்றினால் போய்விடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அங்கே ஆயிரக்கணக்கில் மரங்களைச் சாய்த்தது. இன்றைக்கு அந்த இடங்களில் நிழல் மறுபடி விழ ஆரம்பித்திருக்கிறது. நம் கேமில் மரம் வைத்தால் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். அழையாமல் எதுவும் வராது. அழையாமல் வருவதும் ஒரு ஜூதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நாம் செய்யப்போவதைச் சொல்கிறேன். கேம் செய்கிற கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுவோம். பத்து விலங்கு கேட்டால் ஒன்றும் தர மாட்டார்கள், அதனால் இரண்டே இரண்டு: புள்ளிமான், சோலைமந்தி. எனக்குச் சோலைமந்தி முதலில் வர வேண்டும், நீ புள்ளிமான் என்பாய் என்று தெரியும். கேள்வி கேட்டது நீ, அதனால் புள்ளிமானே முதலில் இருக்கட்டும். மான் பின்னங்காலில் நிற்பதையும், கொம்பு விழுவதையும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி படம் போட்டுக் காட்ட வேண்டும். அந்தப் படத்தை நீதான் வரைய வேண்டும், எனக்கு வராது.

காலாண்டுப் பரீட்சை லீவில் வா. செவ்வாய்க்கிழமை வண்டலூர் மூடியிருக்கும், மற்ற எந்த நாளானாலும் சரி. காலையில் திறக்கும்போதே போய்விடலாம், வெயில் ஏறினால் மான் எல்லாம் மரத்தடியில் படுத்துவிடும். உன் அம்மாவிடம் பென்சிலும் ரப்பரும் மறக்காமல் கொடுத்தனுப்பச் சொல்.

புலிக்குப் பக்கத்தில் நீ வேலி போட்டுவிட்டுப் போன இடத்தில் புல் விதைத்து, ஒரு குட்டையும் வெட்டிவைத்திருக்கிறேன். அதில் வேறு எந்த விலங்கையும் விடவில்லை.

அன்புடன்,
சித்தி