ஆரஞ்சு அயலார் வீட்டுச் சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'தமிழில் கலந்த பிறமொழிச் சொற்கள்' பட்டியலில் பென்சில், பிஸ்கட் இவற்றோடு ஆரஞ்சையும் சேர்த்து, 'ஆங்கிலம்' என்று போட்டு முடித்திருந்தீர்கள். நான் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்துக்காரன். கமலா ஆரஞ்சு விளையும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தப் பெயர் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன்னால் அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்கம். அந்த நாரங்கத்தின் வேர் திராவிட மொழிகளில் இருக்க வேண்டும் என்று சொற்பிறப்பு அகராதிகள் பலவும் எழுதுகின்றன. நம் நாரத்தை, மலையாளத்தின் நாரங்ங, தெலுங்கின் நாரிஞ்ச மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். ஸ்பெயின்காரர்கள் இன்றும் நரான்ஹா என்றுதான் சொல்கிறார்கள். இத்தாலியிலும் பிரான்சிலும் 'ஒரு' என்ற பொருளில் முன்னால் நிற்கும் சொல் னகர ஒலியில் முடியும். பழத்தின் முதல் எழுத்து அதோடு ஒட்டிப் போய்விட்டது. அப்படித் தலையெழுத்தை இழந்த பெயர்தான் கப்பலேறி நம்மிடம் ஆரஞ்சாக வந்து சேர்ந்தது.

இதற்காக 'பழமே எங்களுடையது' என்று நான் சொல்ல வரவில்லை. இனிப்பு ஆரஞ்சின் பூர்வீகம் சீனத்துப் பக்கம். மத்தியதரைக் கடலோரத்துக்கு அரபியர் முதலில் கொண்டுபோனது புளிப்பு வகை. இனிப்புப் பழத்தைப் பரப்பியதில் போர்ச்சுக்கீசியருக்குப் பெரும் பங்கு உண்டு. கிரேக்கர் அதைப் போர்டோகாலி என்றும் துருக்கியர் போர்டகால் என்றும் போர்ச்சுக்கல் நாட்டுப் பெயராலேயே அழைக்கிறார்கள். டச்சுக்காரர்களுக்கோ அது சீனத்து ஆப்பிள். ஈழத்தில் தோடம்பழம், கன்னடத்தில் கித்தளெ, நம் அகராதிகளில் கிச்சிலி. எங்கள் ஊரில் வழங்கும் கமலாவும் யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வங்காளத்திலும் இந்தப் பழம் கமலா லேபுதான்.

சங்கப் பாட்டில் நரந்தம் வருகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலைப்பூக்களில் அது ஒன்று. அதியமான் இறந்தபோது ஔவையார் 'நரந்தம் நாறும் தன் கையால்' அவன் தம் தலையை வருடியதைச் சொல்லி அழுகிறாரே, அந்த மணம்தான். இதை நாரத்தம்பூ என்று கொள்வாரும் உண்டு, வாசனைப் புல் என்று கொள்வாரும் உண்டு. புறநானூற்றிலேயே இன்னொரு பாட்டில் கவரிமான் மேய்வது நரந்தைப் புல்தான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, மணத்தை வைத்தே பெயர் நின்றிருக்கிறது என்பது. நாரத்தையிலையைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு, அந்த இலையைப் போட்டு வேப்பிலைக்கட்டி இடிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, நான் விளக்க வேண்டியதில்லை. மலைக் கமலாவின் தோலும் அப்படித்தான். சதையோடு ஒட்டாமல் தொளதொளவென்றிருக்கும். காம்புப் பக்கம் கட்டைவிரல் நகம் பட்டதும் எண்ணெய் தெறித்துக் கண்ணைக் கரிக்கும். கை கழுவினாலும் வாசனை லேசில் போகாது.

'ஆறும் அஞ்சும் சேர்ந்து பதினொரு சுளை இருப்பதால் ஆறஞ்சு' என்று ஒரு விளக்கமும் காதில் விழுகிறது. தயவுசெய்து அதை அச்சில் ஏற்றிவிடாதீர்கள். ஒரே மரத்துப் பழத்தில் ஒன்பது சுளையும் இருக்கும், பன்னிரண்டும் இருக்கும். உண்மையான வரலாறே இவ்வளவு அழகாக இருக்கும்போது இட்டுக்கட்டுவது எதற்கு?

காப்பிச் செடிகளுக்கு நடுவே கமலா மரங்கள் நெருங்கி நின்ற தோட்டங்கள் எங்கள் பக்கம் நிறைய இருந்தன. நோய் விழுந்து பெரும்பாலும் போய்விட்டன. மிச்சம் இருப்பதும் சந்தையில் மற்ற ஊர்ப் பழத்தோடு கலந்து, ஊர்ப் பெயர் இல்லாமல் விலை போகிறது. மரம்தான் குறைந்துவிட்டது, பெயரின் உறவையாவது பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லலாமே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். பட்டியலை மறுபடி வெளியிடும்போது ஆரஞ்சுக்கு நேரே 'ஆங்கிலம்' என்பதை எடுத்துவிட்டு, 'நாரத்தை என்னும் சொல்லோடு உறவுடையது. பாரசீகம், அரபி, பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக வந்தது' என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாண்டிக்குடி வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்