கேபாட் மயக்கம் தெளிந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கேபாட் என்பது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த மின்சிகரெட் குப்பி. 2025 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் எட்டோமிடேட் சி பிரிவு போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. அபராதம், கட்டாய மறுவாழ்வு, மாணவர் அனுமதி ரத்து, விற்பவருக்குப் பிரம்படி எல்லாம் நம் கல்லூரி மாணவர்களுக்கு இப்போது மனப்பாடம். ஆனால் கூட இருப்பவன் கேபாட் இழுத்துவிட்டுச் சரிந்து விழுந்தால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரியவில்லை.

எட்டோமிடேட், அறுவைக்கூடத்தில் மயக்கத்தைத் தொடங்கிவைக்கும் மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்து ரத்தக்குழாயில் செலுத்துவார்கள். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போகும். 5, 10 நிமிடங்களில் தெளியத் தொடங்கும். அதுவரை ஒருவர் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே நிற்பார். கேபாட்டில் அந்தக் கணக்கும் இல்லை, காவலும் இல்லை. ஓர் இழுப்பில் எவ்வளவு மருந்து போகிறது என்பது விற்றவனுக்கே தெரியாது. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பழ வாசனைதான் வரும். தள்ளாட்டம், குழறல், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவற்றைக் கண்டால் சந்தேகப்படலாம்.

ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் வாந்தி இருந்தால் வெளியே வழியட்டும். தண்ணீர் புகட்டுவது, முகத்தில் அறைவது, இரு பக்கமும் தாங்கி நடக்க வைப்பது எதுவும் வேண்டாம். மயக்கத்தில் தொண்டையின் பாதுகாப்பு தளர்ந்துவிடுவதால் ஒரு வாய்த் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகலாம். ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் தொலைபேசியில் சொல்லித்தரும்படி நெஞ்சழுத்தம் கொடுங்கள். கருவியைத் தூக்கி எறியாமல் மருத்துவ உதவியாளரிடம் கொடுங்கள். எட்டோமிடேட்டின் விளைவை முறிக்கும் மருந்து கிடையாது.

பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான், தூங்கட்டும் என்று விடுவதுதான் பெரிய தவறு. நோயை எதிர்த்து நிற்க உடலுக்கு வேண்டிய கார்டிசோலை அட்ரினல் சுரப்பி உண்டாக்குவதை எட்டோமிடேட் தடுக்கிறது. மருத்துவமனையில் ஒரே ஒரு முறை போட்டாலும் அந்தத் தடை பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்வரைகூட நீடிக்கும். நாள்தோறும் இழுப்பவருக்குச் சுரப்பி மீளவே இடைவெளி இல்லை. தீராத சோர்வு, குமட்டல், பொட்டாசியம் குறைந்து தசை தளர்வது என்று அது வெளிப்படும். சாதாரணக் காய்ச்சலிலும் ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். இழுத்ததை மறைத்தால், கார்டிசோலையும் பொட்டாசியத்தையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவருக்கு எப்படித் தோன்றும்?

மின்சிகரெட்டில் செருகி இழுக்கும் கஞ்சா எண்ணெய்க் குப்பியின் கதை வேறு. கஞ்சாப் பூவில் போதை தரும் பொருளான டிஎச்சி 15, 20 விழுக்காடு என்றால் எண்ணெயில் 60க்கு மேல் போகும். புகைநெடி சீக்கிரம் கலைந்துவிடுவதால் விடுதி அறையிலும் தெரியாது. 2019இல் அமெரிக்காவில் மின்சிகரெட் இழுத்தவர்களிடையே பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரிவரை 2,807 பேர் பதிவானார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் டிஎச்சி இழுத்தவர்கள். குப்பியைச் சாய்த்தால் உள்ளே குமிழ் மெதுவாக நகர வேண்டும், அதுதான் நல்ல சரக்கு என்று வாங்குபவர்கள் நம்பினார்கள். அதற்காகவே கள்ளச்சந்தைக்காரர்கள் வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கலந்தார்கள். தோலில் பூசினால் தீங்கில்லாத அந்தப் பொருள் நுரையீரலைக் கெடுத்தது. இருமல், மூச்சுத்திணறல், வாந்தி, காய்ச்சல் என்று வந்ததால் பலருக்கு முதலில் சளிக்காய்ச்சல் போலத்தான் தெரிந்தது.

தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. 1800-438-2000 என்ற எண்ணை அழைக்கலாம். நள்ளிரவில் 995ஐ அழைக்கத் தயங்கும் நண்பன் கேட்பது வேறு கேள்வி: அழைத்தவனும் இழுத்திருந்தால் அவன் கதி என்ன? இதற்கான பதிலைச் சுகாதார அமைச்சு நான்கு மொழிகளிலும் ஒரே பத்தியில் எழுதி ஒவ்வொரு விடுதிக் கதவிலும் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மயக்க மருந்துப் பிரிவுத் தாதியர் இருவர்,
சிங்கப்பூர்