கடன் தீர்வுத் திட்டத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
மீன் வியாபாரி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா,

வணக்கம். உங்கள் கடன் தீர்வுத் திட்டத்தில் பணம் கட்டியிருக்கும் வாடிக்கையாளர் நான். ஒப்பந்த நகல், ரசீதுகள், வாட்ஸாப் பதிவுகள் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் சார்பில் கடன் கொடுத்தவர்களிடம் பேசி, குறைந்த தொகைக்குக் கடனை முடித்துத் தருவதுதான் திட்டம் என்பது உங்களுக்கே தெரியும். போனில் சொல்லிப் பார்த்தேன், மெயில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து "உங்க பிரச்சனை என்ன சார்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். எனக்குத் தெம்பு போய்விட்டது. அதனால்தான் இந்தப் பதிவுத் தபால்.

ஒரு நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன், அது போக இரண்டு கிரெடிட் கார்டு, எல்லாம் சேர்ந்து 6,40,000 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் ஏலம் எடுக்க மீன் வராது, எனக்கு வரவு இருக்காது என்பதை உங்கள் ஆலோசகரிடம் முதல் பேச்சிலேயே சொன்னேன். மீனவக் குடும்பங்களுக்காவது அரசு 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் தருகிறது, வாங்கி அனுப்பும் எங்களுக்கு அதுவும் இல்லை. அவர் சொன்னது இது: "இ.எம்.ஐ. கட்டுறதை நிறுத்திடுங்க. 90 நாள் தாண்டினா வாராக்கடன் ஆயிடும், அப்பத்தான் அவங்க இறங்கி வருவாங்க. பாதிக்குக் கீழே முடிச்சுத் தர்றோம்." கட்டணமாக 48,000 ரூபாயை முதலிலேயே வாங்கிக்கொண்டீர்கள். அதற்கு மேல், தீர்வுத் தொகைக்குச் சேர்க்கிறோம் என்று மாதம் 9,000 ரூபாய்.

கடன் கொடுத்தவர்களிடம் நானே போய்க் கேட்டேன். உங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை, ஒருவரும் பேசவில்லை என்றார்கள். மூன்று இடத்திலும் இதே பதில். அப்படியென்றால் என் 48,000 எந்த வேலைக்குப் போனது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பும்போதெல்லாம் வங்கியில் ஒரு அபராதம், கடன் கொடுத்த இடத்தில் ஒரு அபராதம், அதற்கு மேல் வட்டி. 6,40,000 இன்று எட்டு லட்சத்தைத் தொடுகிறது. ஆட்டோ டெபிட் திரும்பினாலும் செக் திரும்பியது போலவே வழக்குப் போடலாம் என்று 2007ஆம் ஆண்டு பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவைக் காட்டி எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. தவணையை நிறுத்தச் சொன்னபோது இதை ஏன் சொல்லவில்லை? உடைந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போடுவது மாதிரி நான் மாதாமாதம் உங்களிடம் பணம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் அழைப்பு மைய ஊழியர் விஷயம். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. வசூலுக்கு வருபவர்கள் இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்கத்தான் போன் போட்டேன். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஆட்கள் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்தால் எங்களிடம் திருப்பி விடுங்கள் என்று விளம்பரம் செய்தது நீங்கள். அந்தப் பையன் சொன்ன பதில்: "கடன் வாங்கும்போது இனிச்சுதா? முடியலைன்னா மஞ்சள் நோட்டீஸ் குடுத்துட்டுப் போ." எனக்கு 57 வயது. என் மகனை விடச் சின்னக் குரல், என்னைப் போ என்கிறது. என் மனைவி போனை வாங்கி "தம்பி, கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க" என்றதற்கு, "உன் வீட்டுக்காரரைக் கட்டச் சொல்லும்மா" என்று கட் செய்துவிட்டான். அவள் அன்று இரவு சாப்பிடவில்லை. உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே ஒவ்வொரு தடவையும் அறிவிக்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள்.

மதுரைக்கு வரச் சொன்னதையும் எழுத வேண்டும். அசல் காகிதங்களோடு நேரில் வந்தால் அன்றே செட்டில்மென்ட் கடிதம் என்றார்கள். காலை ஏலத்தை விட்டுவிட்டு, பாலம் தாண்டி, மாட்டுத்தாவணியில் இறங்கி உங்கள் கிளைக்குப் போனால் சார் மீட்டிங், சார் சாப்பிடப் போயிருக்கார், சார் இன்று வரமாட்டார். மாலை வரை ஒரு நாற்காலி கூட யாரும் காட்டவில்லை. அன்று நான் எடுக்காத மீனை வேறொருவர் எடுத்தார், என்னிடம் வழக்கமாக வாங்கும் கேரள வியாபாரி அவரிடம் போனவர் இன்னும் திரும்பவில்லை. என் அப்பா காலத்திலிருந்து நடந்த தொழிலை நீங்கள் ஒரே நாளில் முடித்துவிட்டீர்கள்.

அந்தப் பையன் அவ்வளவு லேசாகச் சொன்ன மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் மனு, என்னவென்று ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். எங்கள் மாவட்டத்தில் என்னைப் போன்ற தனிமனிதருக்கு இன்றும் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். மனு ஏற்கப்பட்டு திவாலானவர் என்று தீர்ப்பானால், தொழில் கருவி போன்ற சிலவற்றைத் தவிர சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். உங்கள் ஆலோசகர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "முதல்ல உங்க குட்டியானை வண்டியை மச்சான் பேருக்கு மாத்திடுங்க." நல்லவேளை மாற்றவில்லை. மாற்றிய இரண்டு வருடத்துக்குள் திவால் மனு வந்தால், உண்மையான விலைக்கு நல்லெண்ணத்தோடு வாங்கியவர் தவிர மற்ற மாற்றங்களை நீதிமன்றம் ரத்து செய்யலாம், 53ஆம் பிரிவு. வாடிக்கையாளரைச் சிக்கலில் தள்ளும் இந்தப் பேச்சுக்கு ஆலோசனை என்று பெயர் வைத்துக் காசு வாங்குகிறீர்கள்.

உங்கள் துண்டறிக்கையில் அமெரிக்க முறை என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அங்கே திவால் மனு போடும் தனிநபர், அதற்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. போனில் விற்கும் கடன் தீர்வுச் சேவைக்கு, ஒரு கடனாவது தீர்வதற்கு முன்னால் கட்டணம் வாங்குவதை 2010லேயே தடுத்துவிட்டார்கள். அந்த முறையைத்தான் நீங்கள் கொண்டுவந்திருந்தால் என் 48,000 இன்று என் கையில் இருக்கும்.

கடன் கொடுத்த கிளையில் இருந்த அம்மா பொறுமையாகப் பேசினார். சமரசத் தீர்வுக்கு அவர்களிடமே விதிமுறை இருக்கிறதாம், நேரில் மனு கொடுக்கலாமாம். ராமநாதபுரம் நீதிமன்றத்தில் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் நடக்கும்போதும் பேசி முடிக்கலாம், கட்டணம் கிடையாது. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் "செட்டில்டு" என்று விழும், அது முழுதாக அடைத்ததற்குச் சமம் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். உங்கள் ஆட்கள் சிபிலுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள்.

தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள். 48,000 ரூபாய் கட்டணம், சேமிப்பில் போட்ட முழுத் தொகை, அதன் கணக்கு விவரம், என் சார்பில் இனிப் பேச உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கையெழுத்திட்ட கடிதம். அந்தப் பையன் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை நான் விடப்போவதில்லை. நல்லபடியாக முடித்துக்கொண்டால் உங்களோடு எனக்கு வேறு வம்பு இல்லை.

கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரவில் வந்த வசூல் ஆட்கள் பற்றி ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குத் தனியாக எழுதுகிறேன், அதில் உங்கள் பெயரும் வரும்.

பணத்தை நீங்கள் மாதாமாதம் எடுத்த அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் போதும். கடிதத்தைத் தபாலில் அனுப்புங்கள். மதுரைக்கு மறுபடி வரச் சொல்ல வேண்டாம், வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாம்பன்.