ஏரிக்கரை விளக்குகளுக்கு ஒரு மூடி போடுங்கள்

மலைநகர ஏரிகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் தானாக உண்டானவை என்றே வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே ஓடையை மறித்துத் தேக்கியவை. முதலாவது 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், அடுத்தது 1863-ல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில். படகு, குதிரை, சைக்கிள் என்று பகலில் இவற்றை நன்றாகவே பயன்படுத்துகிறோம். இரவைத்தான் வீணடிக்கிறோம்.

ஏரிக்கு மேலே மரமோ கட்டடமோ மறைக்காத வானம் இருக்கிறது. இரண்டு ஊரும் 2,000 மீட்டருக்கு மேல். மழை ஓய்ந்த தை, மாசியில் இருட்டியதும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உச்சியில் நிற்கும். வெறும் கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரம். சாதாரண பைனாகுலரில் டஜன் கணக்கில். கொஞ்சம் கிழக்கே, வேட்டைக்காரன் உருவில் தெரியும் ஓரியன் நட்சத்திரத் தொகுதியின் இடுப்புப் பட்டைக்குக் கீழே மங்கலாக ஒரு திட்டு. சுமார் 1,300 ஒளியாண்டு தள்ளி, இன்றைக்கும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது.

மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த ஹைட்ரஜன் மேகம் தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரிகிறது. சரியும்போதே துண்டுதுண்டாகிறது, துண்டுகள் இறுகி நட்சத்திரங்களாகின்றன. ஒரே மேகத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிறப்பதுதான் கூட்டம். அவற்றில் பெரியவை வீசும் புற ஊதா ஒளியும் துகள் காற்றும் மிச்ச வாயுவை விரட்டிவிடும். வாயு போனால் ஈர்ப்பின் பிடிப்பும் தளரும், பெரும்பாலான கூட்டங்கள் சீக்கிரமே கலைந்துபோகும். கலையாமல் தப்பியது கார்த்திகை. வயது சுமார் 10 கோடி ஆண்டு. ரோகிணியைச் சுற்றியுள்ள ‘வி’ வடிவக் கூட்டத்துக்கு 60 கோடிக்கும் மேல். (ரோகிணி அந்தக் கூட்டத்தில் சேர்த்தியே இல்லை. நமக்கும் அதற்கும் பாதி வழியில் தனியாக நிற்கிறது!) ஓரியனின் மங்கல் திட்டில் உள்ள கூட்டமோ சில பத்து லட்சம் ஆண்டுக் குழந்தை. இந்த மூன்று வெவ்வேறு வயதுக் கூட்டங்களையும் கரையில் நின்றபடியே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஆனால் பக்கவாட்டிலும் மேலேயும் வெளிச்சத்தைக் கொட்டும் விளக்குகளுக்கு முன்னால் அந்த மங்கல் திட்டு நிற்காது. நடைபாதையை இருட்டாக்கச் சொல்லவில்லை. பெண்களும் முதியவர்களும் நடக்கிற இடம் அது. வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மேல்மூடி போடுங்கள். மின்சாரமும் மிச்சமாகும்.

முதலில் வரும் தை அமாவாசையன்று சோதித்துப் பாருங்கள். ஏழரை முதல் எட்டரை வரை அலங்கார விளக்குகளை மட்டும் அணைத்துவிட்டு, வானியல் ஆர்வலர்கள் இரண்டு தொலைநோக்கி வைக்க இடம் கொடுத்தால் போதும். மேடை, மைக், ரிப்பன் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வானியல் ஆர்வலர்